வாங்குபவர் தேடும் சொல் எது?
பழவேற்காட்டு நண்டும் ஓலைப் பெட்டியும் கூகுளில் கண்ணில் பட எளிய வழிகள்

இறால், நண்டு, மடவை, கொடுவா எனப் பழவேற்காடு ஏரியில் கிடைக்கும் சரக்குக்குச் சென்னையில் எப்போதும் கிராக்கி உண்டு. தூரமும் சுமார் 60 கிலோமீட்டர்தான். ஆனாலும், வலை இழுப்பவருக்கும் சமைப்பவருக்கும் நடுவில் சரக்கு பல கை மாறுகிறது. ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் லாபம் நின்றுவிடுகிறது. இந்த இடைவெளியைக் குறைக்க மகளிர் குழுக்களும் உற்பத்தியாளர் குழுக்களும் சொந்தமாக இணையதளம் தொடங்கலாம். ஆனால், தளம் தொடங்கினால் மட்டும் போதாது. தேடுபவர் கண்ணில் அது பட வேண்டும்.

கண்ணில் படாமல் போவதற்கு முக்கியக் காரணம் சொல். விற்பவர் ஒரு சொல்லை எழுதி வைத்திருப்பார். வாங்குபவர் வேறு சொல்லைத் தட்டுவார். வாங்குபவர் தட்டும் சொல்லைக் கண்டுபிடிப்பதற்குத்தான் ‘தேடுசொல் ஆய்வு’ என்று பெயர். கணினிக்காரர்கள் ‘கீவேர்ட் ரிசர்ச்’ என்பார்கள். பெயர் பெரிதாக இருந்தாலும், சந்தையில் வாடிக்கையாளர் வாயைப் பார்த்துக் கூவி விற்கும் வியாபாரி செய்வதும் இதையேதான்.

ஒரே மீன், பல பெயர்

கொடுவாவை எடுத்துக்கொள்வோம். ஆந்திராவில் அது பண்டுகப்பா, கேரளாவில் காளாஞ்சி, வங்காளத்தில் பேட்கி. ஓட்டல் பட்டியலில் சீ பாஸ், ஆஸ்திரேலியாவில் பாரமுண்டி. சென்னையில் குடியிருக்கும் வங்காளக் குடும்பம் ‘பேட்கி’ என்றுதான் தேடும். ‘கொடுவா’ என்று மட்டும் எழுதிய பக்கம் அவர்களுக்குத் தெரியாமலே போகலாம். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-ல் கொடுவா குஞ்சு உற்பத்தியில் வெற்றி கண்டது. இன்று குளத்திலும் கொடுவா வளர்கிறது. எனவே, ஏரியில் பிடித்ததா, பண்ணையில் வளர்த்ததா என்பதையும் பக்கத்தில் சொல்லிவிட வேண்டும்.

பழவேற்காட்டுப் பெண்கள் முடையும் பனை ஓலைப் பொருள்களுக்கும் இதே கதைதான். முடைபவருக்கு அது ‘ஓலைப் பெட்டி’. கல்யாண வீட்டுக்காரர் தேடுவதோ ‘தாம்பூலப் பை’, ‘சீர்வரிசைப் பெட்டி’, ‘ரிட்டர்ன் கிஃப்ட்’. பொருள் ஒன்று, தேவை வேறு. தேவையின் பெயரும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஊர்ப் பெயரும் அப்படியே. 1613-ல் இங்கே ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்கள் காலத்திலிருந்தே, வெளிநாட்டார் வாயில் பழவேற்காடு பல விதமாகத் திரிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் ‘புலிகாட்’ நிலைத்தது. இந்தத் துறைமுகத்தோடு சேர்ந்து பேர் பெற்ற வண்ணக் கைக்குட்டைத் துணிக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. 18-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்காட்லாந்து நெசவாளர்கள் அதே மாதிரித் துணியை அங்கேயே நெய்து, ஏறக்குறைய அதே பெயரில் விற்றார்கள். வாங்குபவர் வாயில் இருக்கும் பெயருக்கு அவ்வளவு மதிப்பு! இன்றும் ‘புலிகாட்’ என்று தேடுபவர் உண்டு. ‘பழவேற்காடு’ என்று தேடுபவரும் உண்டு. ஆங்கில எழுத்தில் எழுதும்போது ழகரத்துக்கு ஒருவர் ‘இசட் எச்’ போடுவார், இன்னொருவர் ‘எல்’ போடுவார். வழக்கிலுள்ள எழுத்து முறைகளைத் தளத்தில் ஆங்காங்கே இயல்பாகச் சேர்த்துவிடுங்கள்.

சொல்லைக் கண்டுபிடிக்க ஐந்து படிகள்

1. கேட்டதைக் கேட்டபடி எழுதுங்கள். ஒரு மாதம் போனிலும் வாட்ஸ்அப்பிலும் வந்த கேள்விகளை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ‘உயிர் நண்டு இருக்கா?’, ‘சுத்தம் பண்ணித் தருவீங்களா?’, ‘அண்ணா நகருக்கு டெலிவரி உண்டா?’ இவைதான் முதல் தேடுசொற்கள். இந்த இதழின் கேள்வி-பதில் பகுதியையே பாருங்கள். ‘தென்னையில் ஊட்டச்சத்துக் குறைபாடு’ என்று யாரும் கேட்பதில்லை. ‘குரும்பை கொட்டுது, என்ன செய்ய?’ என்றுதான் கேட்கிறார்கள்.

2. கூகுளில் பாதி தட்டுங்கள். ‘பழவேற்காடு’ என்று தட்டி நிறுத்தினால், கீழே சில வரிகள் தானாக வரும். மற்றவர்கள் தேடியதை வைத்துக் கூகுள் காட்டும் குறிப்புகள் அவை. யூடியூபிலும் இதேபோல் பாருங்கள். உங்கள் பழைய தேடல்கள் கலக்காமலிருக்க, பிரவுசரில் ‘இன்காக்னிடோ’ முறையைத் திறந்துகொள்வது நல்லது.

3. கூகுள் ட்ரெண்ட்ஸ். இது இலவசம். தமிழ்நாட்டைத் தேர்வு செய்து இரண்டு சொற்களை ஒப்பிடலாம். அதில் வரும் 0 முதல் 100 வரையான எண், தேடியவர்களின் எண்ணிக்கை அல்ல. ஒப்பீட்டு அளவு மட்டுமே. ஓராண்டுக் கோட்டைப் பார்த்தால் பருவமும் தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், பூநாரைகள் வரும் குளிர்காலம் ஆகியவற்றில் தேடல் எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள்.

4. கீவேர்ட் பிளானர். கூகுள் விளம்பரக் கணக்கு தொடங்கினால் கிடைக்கும். மாதம் எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதற்குத் தோராயக் கணக்குச் சொல்லும்.

5. சர்ச் கன்சோல். தளம் தொடங்கிய பிறகு இதுதான் முக்கியம்; இதுவும் இலவசம். எந்தச் சொல்லுக்கு உங்கள் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்று சொல்லும். பலமுறை காட்டப்பட்டும் யாரும் வராத சொல் இருந்தால், அந்தப் பக்கத்தின் தலைப்பைத் திருத்த வேண்டும் என்று பொருள்.

பெரிய சொல்லா, நீளச் சொல்லா?

‘மீன்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பெரிய நிறுவனங்களோடு மோத வேண்டியிருக்கும். ‘பழவேற்காடு உயிர் நண்டு சென்னை டெலிவரி’ என்று தேடுபவர் சிலரே. ஆனால், அவர் பையோடு வந்திருப்பவர். சிறு விற்பனையாளருக்கு நீளமான, குறிப்பான சொற்களே கைகொடுக்கும். பொருளுக்கு ஒரு பக்கம் வைத்து, தலைப்பிலும் முதல் பத்தியிலும் படக்குறிப்பிலும் அந்தச் சொல்லை எழுதினால் போதும். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பத் திணித்தால், அதைக் கூகுள் ஏமாற்று வேலையாகக் கருதிப் பின்னுக்குத் தள்ளலாம். பக்கத்தின் உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் எழுதும் ‘கீவேர்ட்’ பட்டியலைத் தரவரிசைக்குப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது.

தொடக் கூடாத சொல்

பழவேற்காடு என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ‘படகு சவாரி’. ஆள் வரும் என்பதற்காக அந்தச் சொல்லைப் பக்கத்தில் போடாதீர்கள். 2011 டிசம்பர் 25 அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தார்கள். அதன் பிறகு சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றத் தடை விதிக்கப்பட்டது. தளத்தை நம்பி வருபவர் கரையில் நின்று ஒரு படகுக்காரரைக் கெஞ்சும் நிலையை, வியாபாரத்துக்காகக்கூட உருவாக்கக் கூடாது. பண்ணை இறாலை ‘ஏரி இறால்’ என்று எழுதுவதும் தவறுதான். சொல் கூட்டி வரும் வாடிக்கையாளரைப் பொருள்தான் தக்க வைக்க வேண்டும்.

வழக்கமாக எழும் சில கேள்விகள்

தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்திலா?
இரண்டிலும் எழுதுங்கள். 2017 முதல் கூகுளில் தமிழில் பேசியே தேட முடிகிறது. பேசுபவர் முழு வாக்கியமாகக் கேட்பார். அதனால் ‘நண்டு உயிரோடு வருமா?’ போன்ற கேள்வியும் பதிலும் பக்கத்தில் இருப்பது பயன் தரும்.

‘கூகுளில் முதலிடம் உறுதி’ என்று பணம் கேட்கிறார்களே?
முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே சொல்கிறது. அப்படிச் சொல்பவரிடம் குழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

எத்தனை நாளில் பலன் தெரியும்?
சில வாரங்களும் ஆகலாம். சில மாதங்களும் ஆகலாம். மாதம் ஒருமுறை சர்ச் கன்சோலைப் பார்த்து, ஒன்றிரண்டு பக்கங்களைத் திருத்தி வாருங்கள்.

இணையதளமே இல்லாதவர் என்ன செய்வது?
கூகுள் வரைபடத்தில் இலவசமாகத் தொழில் விவரப் பக்கம் தொடங்கலாம். முகவரி, நேரம், போன் எண், படங்களைச் சேருங்கள். நோட்டில் எழுதிய அதே சொற்களை அங்கேயும், யூடியூப் தலைப்பிலும், வாட்ஸ்அப் பிசினஸ் பொருள் பட்டியலிலும் பயன்படுத்துங்கள். ஒரு நோட்டும் பேனாவும் இருந்தால் இன்றே தொடங்கிவிடலாம்.