சின்ன அலையின் பெரிய பசி

வெனிஸ் நகரத்தைப் பற்றிக் கேள்விப்படாதவர் யார்? அங்கே வீதியெல்லாம் வாய்க்கால். வாசலில் வண்டிக்குப் பதில் படகு! ஆனால் அந்நகரைச் சூழ்ந்த உப்பங்கழியில் ஓசையில்லாமல் ஒரு களவு நடந்து வருவதைப் பலர் அறியார். களவு போவது நிலம். கள்வனோ, சின்னஞ்சிறு அலை!

உப்பங்கழியில் ஆங்காங்கே சேற்றுத் திட்டுகள் உண்டு. கடல் ஏறினால் மூழ்கும். இறங்கினால் தலை காட்டும். 'பரேனே' என்பது அவற்றுக்கு அவ்வூர்ப் பெயர். நம் கடற்கரையில் முளைக்கும் உமரியின் இனத்துச் செடிகள் அங்கும் உண்டு. இந்த உவர்ச் சதுப்புகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கடந்த இரு நூற்றாண்டுகளில் மறைந்துவிட்டது.

எப்படி? செடிகளின் வேர்கள் மேல்மண்ணைப் பாய் முடைந்தாற்போல் இறுகப் பற்றியிருக்கின்றன. அதன் கீழே வேர் எட்டாத இளஞ்சேறு. சதுப்பின் ஓரத்தில் அலை அந்த இடத்தைத்தான் பார்த்துக் குடைகிறது. மேல்பகுதி தாழ்வாரம்போல நீட்டிக்கொண்டு நிற்கும். ஒரு நாள் தன் பாரம் தாங்காமல், செடியும் பூவுமாகச் சரிந்து தண்ணீரில் விழும்.

"புயல் வந்தால்தானே சேதம்?" என்று கேட்பீர்கள். அதுதான் இல்லை! பெரும்புயலில் கடல் பொங்கிச் சதுப்பையே மூழ்கடித்துவிடுகிறது. அலை ஓரத்தில் மோதாமல் மேலே தாண்டிப் போய்விடுகிறது. நெடுங்கால அரிப்பில் சூறாவளிகளின் பங்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை என்கிறது, பல நாட்டுச் சதுப்புகளை ஒப்பிட்டு 2016-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி. சில மாதங்களுக்கு ஒரு முறை வந்துபோகும் நடுத்தரக் காற்றுதான் உண்மையான எதிரி.

வெனிஸில் மனிதனும் காற்றுக்குத் துணைபோனான். உப்பங்கழி தூர்ந்துவிடுமென்று அஞ்சி, பிரெந்தா, பியாவே முதலிய நதிகளை முன்னோர் வேறு வழியில் திருப்பிவிட்டார்கள். இழந்த மண்ணுக்கு ஈடாக வந்த வண்டலும் குறைந்தது. இப்போது விசைப்படகுகள் எழுப்பும் அலையும் ஓரத்தைத் தின்கிறது.

போனால் போகிறது என்று விட்டுவிட முடியுமா? சதுப்பு, கரைக்குக் காவல். ஜெர்மனியில் ஒரு பெரிய அலைத்தொட்டியில் சதுப்பையே பெயர்த்து வைத்துச் சோதித்தார்கள். வெறும் 40 மீட்டர் சதுப்பு, அலையின் உயரத்தை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குவரை தணித்தது!

இந்தக் காவலைக் காக்க, 2013 முதல் 2017 வரை வெனிஸில் ஒரு முயற்சி நடந்தது. சுள்ளிகளைக் கட்டுக் கட்டாகக் கட்டி, சதுப்பின் ஓரத்தில் அணைகொடுத்தார்கள். சுள்ளி மக்கும், அடிக்கடி போய்ப் பார்த்து மாற்ற வேண்டும். கூரையில் சிறு ஒழுக்கைக் கண்டவுடனே அடைக்கிற இல்லத்தரசிக்கு இந்த வைத்தியம் புதிதல்லவே!