கடை நேரமும் தெரு வண்டியும்: ஊரடங்கில் தாமிரபரணிக் கீழ்க்கரை

பெருந்தொற்றுக் காலத்தில் கடைகளுக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகள் மருத்துவ நடவடிக்கைகளாகவே பேசப்பட்டன என்றாலும், அவை முதலில் தொட்டது அடுப்படியையும் அன்றாடக் கூலியையும்தான். இதைத் தூத்துக்குடி மாவட்டத்தில் ஸ்ரீவைகுண்டத்தையும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களையும் வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. ஏனெனில், பெருநகரத்தின் வசதிகளும் இல்லாமல், தன்னிறைவான கிராமமாகவும் இல்லாமல், சுற்றுவட்டார மக்கள் வந்து வாங்கிச் செல்லும் இடமாகவே வாழும் ஊர்களின் நிலையை அது காட்டுகிறது.

தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டை ஒட்டி வடகரையில் அமைந்த இப்பேரூராட்சி வட்டத் தலைநகராகவும், நவதிருப்பதிகளுள் ஒன்றான கள்ளபிரான் கோயிலைக் கொண்ட ஊராகவும் இருப்பதால், அரசு அலுவலகம், மருத்துவமனை, கடைத்தெரு, கோயில் எனப் பல தேவைகளுக்காக மக்கள் இங்கே வருகின்றனர். அணைக்கட்டின் கால்வாய்ப் பாசனத்தில் விளையும் நெல்லும் வாழையும் வெற்றிலையும் வட்டாரத்தின் வருமானம். ரயில் நிலையமோ ஆற்றுக்குத் தெற்கே புதுக்குடிப் பக்கம் உள்ளது. இத்தகைய ஊரில் பேருந்து நின்றுபோனால் கடை திறந்திருந்தும் பயனில்லை. 2020 மார்ச் இறுதியில் நின்ற அரசுப் பேருந்துகள், திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்களை ஒரே மண்டலமாக்கி ஜூன் 1 அன்றுதான் மீண்டும் ஓடத் தொடங்கின.

தமிழ்நாட்டில் 2020 மார்ச் 24 மாலை 6 மணி முதல் 144 தடையாணை, அதாவது ஐந்து பேருக்கு மேல் கூடுவதைத் தடுக்கும் ஆணை, நடைமுறைக்கு வந்தது. மறுநாள் நாடு முழுவதற்குமான ஊரடங்கு தொடங்கியது. பலசரக்கு, காய்கறிக் கடைகள் மார்ச் 29 முதல் காலை 6 மணியிலிருந்து பிற்பகல் 2.30 மணி வரையிலும், ஏப்ரல் 5 முதல் பகல் 1 மணி வரையிலும் மட்டுமே திறந்திருக்கலாம் என வரையறுக்கப்பட்டது. வாங்க வேண்டியவர்களின் எண்ணிக்கை மாறாமல் நேரம் மட்டும் சுருங்கும்போது, ஒவ்வொரு மணியிலும் கடை வாசலில் நிற்போரின் நெருக்கம் கூடுகிறது என்ற எளிய கணக்கு இந்த ஏற்பாட்டில் கவனிக்கப்படவில்லை. தென் அமெரிக்காவின் பெரு நாடு இதையே வேறு வழியில் கற்றது. ஆண்கள் வெளியே செல்லச் சில நாட்கள், பெண்கள் செல்லச் சில நாட்கள் என 2020 ஏப்ரல் தொடக்கத்தில் பிரித்த அந்நாட்டு அரசு, வீட்டுக்குப் பொருள் வாங்குவோரில் பெண்களே மிகுதி என்பதால் அவர்களுக்குரிய நாட்களில் சந்தைகள் நிரம்பி வழிந்ததைக் கண்டு, ஏறத்தாழ ஒரு வாரத்திலேயே அவ்விதியைக் கைவிட்டது.

மாதச் சம்பளம் பெறும் குடும்பம் ஒரே நடையில் மாதத்துக்குரிய சாமான்களை வாங்கி வைத்துவிட முடியும். வாழைத்தோட்டத்திலோ வெற்றிலைக் கொடிக்காலிலோ கூலி வேலை செய்யும் குடும்பம் அன்றைய கூலியில்தான் அன்றைய எண்ணெயையும் பருப்பையும் சிறு பொட்டலங்களாக வாங்குகிறது. ஆகவே கடைக்குப் போகும் நடைகளைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்ற அறிவுரை அதற்குப் பொருந்தாது. இக்குடும்பங்களைத் தாங்கி வந்தது தெருமுனைப் பலசரக்குக் கடையின் பற்றுக் கணக்கு. வாங்கிய சாமான்களின் விலையைக் கடைக்காரர் நோட்டில் எழுதிவைத்துக்கொள்ள, கூலி வரும் நாளில் தீர்க்கும் இந்த வழக்கத்தில் பத்திரமோ வட்டியோ இல்லை. முகப் பழக்கமே ஈடு. ஆனால் மொத்த வியாபாரி கடைக்காரருக்குத் தவணை கொடுக்கும் வரையில்தான் கடைக்காரரும் மற்றவர்களுக்குக் கொடுக்க முடியும். கோயில்கள் மூடப்பட்டு, திருமணங்கள் எளிமையாக்கப்பட்டு, வாழைத்தாருக்கும் வாழை இலைக்கும் வெற்றிலைக்கும் கேட்பார் குறைந்தபோது, கூலியும் பற்றும் ஒரே வேளையில் நெருக்கப்பட்டன. கடற்கரைப் பக்கமும் இதே நிலைதான்: ஊரடங்கால் நின்ற விசைப்படகு மீன்பிடிப்பு, ஏப்ரல் 15 அன்று தொடங்கிய மீன்பிடித் தடைக்காலத்துடன் ஒட்டிக்கொண்டதால், விசைப்படகுத் தொழிலாளர் ஜூன் மாதம் வரை கடலுக்குப் போக முடியவில்லை.

இந்த இடத்தில் பெருந்துணையாக நின்றது நியாயவிலைக் கடை, மக்கள் வழக்கில் ரேஷன் கடை. வறுமைக் கோட்டுக்குக் கீழ், மேல் என்று பிரிக்காமல் விரும்பும் எல்லாக் குடும்பங்களுக்கும் அரிசி வழங்கும் முறையைத் தமிழ்நாடு முன்பே கைக்கொண்டிருந்ததால், நெருக்கடி வந்த பிறகு பயனாளிகளைத் தேடிப் பட்டியலிட வேண்டிய வேலை பெருமளவுக்கு இல்லாமற்போனது. அரிசி பெறத் தகுதியுள்ள அட்டைதாரர்களுக்கு 1,000 ரூபாயும், விலையில்லா அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெய் ஆகியனவும் ஏப்ரலில் வழங்கப்பட்டன; நாளும் நேரமும் குறித்த டோக்கன் கொடுத்து வரிசை பகுக்கப்பட்டது. கடை நேரத்தைச் சுருக்குவதற்கும் டோக்கன் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது: முன்னது எல்லோரையும் ஒரே வேளைக்குள் நெருக்குகிறது, பின்னது ஒவ்வொருவருக்கும் ஒரு வேளையை உறுதிசெய்கிறது. அட்டை இல்லாத வெளிமாநிலத் தொழிலாளர் இந்த அட்டைவழி உதவிக்குள் வரவில்லை. கேரளத்தில் உள்ளாட்சிகளும் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களும் நடத்திய சமூகச் சமையற்கூடம் போன்ற ஓர் ஏற்பாடு, பெரும்பாலும் மாநகராட்சி, நகராட்சிகளோடு நின்றுவிட்ட அம்மா உணவகங்களுக்கு அப்பால், அவர்களுக்காகப் பேரூராட்சிகளுக்கும் வந்திருக்க வேண்டும்.

கடை நேரம் என்ற விதி மக்களின் நலனுக்கான ஏற்பாடு என்பதை மறந்து தண்டிக்கும் கருவியாக மாறினால் என்ன நேரும் என்பதற்கு, ஸ்ரீவைகுண்டத்துக்குத் தெற்கே அதே மாவட்டத்தில் உள்ள சாத்தான்குளம் ஆறாத சான்றாக இருக்கிறது. அனுமதித்த நேரத்தைக் கடந்து கைப்பேசிக் கடையைத் திறந்து வைத்ததாகக் கூறி 2020 ஜூன் 19 அன்று வணிகர் ஜெயராஜ் காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டார்; அவரைத் தேடிச் சென்ற மகன் பென்னிக்ஸும் அங்கே பிடித்து வைக்கப்பட்டார். காவலில் தாக்கப்பட்ட இருவரும் ஜூன் 22 இரவுக்கும் 23 காலைக்கும் இடையில் அடுத்தடுத்து இறந்தனர். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டு, தடயங்களைக் காக்கும்பொருட்டுக் காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் பொறுப்பில் வைக்கச் சொன்னது. பின்னர் மத்திய புலனாய்வுத் துறை காவலர்கள் மீது கொலைக் குற்றச்சாட்டுடன் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. நோயிலிருந்து உயிர்களைக் காக்க வந்த விதியின் பெயரால் இரண்டு உயிர்கள் பறிக்கப்பட்டதை இவ்வட்டாரத்து வணிகர்கள் மறக்கமாட்டார்கள், மறக்கவும் கூடாது.

இரண்டாம் அலையின்போது அணுகுமுறை மாறியது, ஆனால் உடனே மாறவில்லை. 2021 மே 10 அன்று தொடங்கிய ஊரடங்கில் பலசரக்குக் கடைகளுக்குப் பகல் 12 மணி வரையிலும், மே 15 முதல் காலை 10 மணி வரையிலும் என மறுபடியும் நேரமே சுருக்கப்பட்டது. மே 24 முதல் தளர்வற்ற ஊரடங்கு என அறிவித்து, அதற்கு முந்தைய இரண்டு நாட்களும் இரவு 9 மணி வரை எல்லாக் கடைகளையும் திறக்க விட்டபோது, எதிர்பார்த்தபடியே மாநிலமெங்கும் கடைத்தெருக்கள் நிரம்பின. மே 24 அன்றுதான் உண்மையான மாற்றம் நிகழ்ந்தது: மக்கள் பொருளைத் தேடிப் போவதற்கு மாறாகப் பொருள் மக்களைத் தேடி வந்தது. மாநிலத்தின் ஒருநாள் காய்கறி, பழத் தேவையை 18,000 மெட்ரிக் டன் எனக் கணக்கிட்டு, தோட்டக்கலைத் துறை முதலிய துறைகளின் ஒருங்கிணைப்பில் 4,380 வாகனங்கள் தெருத்தெருவாக அனுப்பப்பட்டன. மே 31 முதல் பலசரக்கும் வண்டிகளில் வந்தது. தள்ளுவண்டிக்காரரும் கூடைக்காரியும் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த வேலையையே அரசு பெரிய அளவில் எடுத்துச் செய்தது எனலாம். கூலி இழந்தோர் வண்டி வந்தாலும் வாங்க முடியாது என்பதால், அட்டைக்கு 2,000 ரூபாயாக இருமுறை தரப்பட்ட 4,000 ரூபாயும், ஜூனில் தரப்பட்ட 14 வகை மளிகைத் தொகுப்பும் இல்லாமல் அவ்வேற்பாடு நிறைவு பெற்றிருக்காது.

வண்டியும் வர முடியாத நிலை ஒன்று உண்டு என்பதை 2023 டிசம்பர் வெள்ளம் காட்டியது. டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் சுமார் 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுபோக, சாலைகளும் தண்டவாளமும் அரிக்கப்பட்டு வெளியுதவி வந்து சேராத வேளையில், தங்களுக்கே வெள்ளம் வந்திருந்த புதுக்குடி மக்கள் வீடுகளிலிருந்த அரிசியையும் பருப்பையும் கொண்டுவந்து பொதுவில் சமைத்துப் பயணிகளுக்கு உணவளித்தனர். அந்த அரிசி அவ்வூர் வீடுகளில் இருந்ததால்தான் இது முடிந்தது. அடுத்த நெருக்கடிக்குத் திட்டமிடுவோர், நியாயவிலைக் கடையில் ஒரு மாதத்துக்கு முன்கூட்டியே வழங்கும் இருப்பையும், வார்டுதோறும் தனித்து வாழும் முதியோர் பட்டியலையும், பற்றுக் கொடுக்கும் சிறு கடைக்காரருக்கு உரிய குறுங்கடனையும் கடை நேரத்தைப் பற்றிய ஆணை எழுதப்படும் முன்னரே ஆயத்தம் செய்துவைக்க வேண்டும்.