பெஞ்சு கிடைத்தது, நாற்காலி?

பாலராமபுரத்திலிருந்து காட்டாக்கடைக்குப் போகிற வழியில் இருக்கிறது ஊரூட்டம்பலம். அங்குள்ள அரசு யு.பி. பள்ளிக்கூடத்தில் பாதி எரிந்த ஒரு பெஞ்சைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். 1910-இல் தலித் மக்களின் தலைவர் அய்யன்காளி, பஞ்சமி என்ற புலையர் சிறுமியைக் கைப்பிடித்து அழைத்துவந்து இந்தப் பள்ளியில் உட்காரவைத்தார். எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் சேர்க்கலாம் என்று திருவிதாங்கூர் அரசின் ஆணையே இருந்தது. ஆனாலும் மேல்சாதிக்காரர்கள் பள்ளிக்கூடத்துக்குத் தீ வைத்தார்கள். ஒரு சிறுமி எழுத்துப் படிப்பதைவிடப் பள்ளியே சாம்பலாவது மேல் என்று நினைத்த ஊர் அது. 2022-இல் அதே பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் சூட்டியது கேரள அரசு.

இந்த மண் நமக்கு அந்நியமல்ல. பாலராமவர்மா மகாராஜா காலத்தில் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய சாலியர்கள்தான் பாலராமபுரத்துக் கைத்தறிக்குப் பெயர் வாங்கித் தந்தார்கள். இன்றும் அந்தத் தெருக்களில் தமிழ் கேட்கும். 1898-இல் பொதுவழியில் நடக்கும் உரிமைக்காக அய்யன்காளியும் கூட்டாளிகளும் கிளம்பியபோது மோதல் வெடித்ததும் அந்தச் சாலியர் தெருவில்தான். அதற்கு ஐந்தாண்டு முன்பு, 1893-இல், தலித்துகளுக்குத் தடை செய்யப்பட்ட ராஜபாதையில் அவர் வில்வண்டி ஓட்டியிருந்தார். வழி, சந்தை, பள்ளி என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் போராடித்தான் வாங்க வேண்டியிருந்தது. பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் வயலில் இறங்க மாட்டோம் என்று விவசாயக் கூலிகள் ஏறக்குறைய ஓராண்டு வேலையை நிறுத்தினார்கள். அந்த ஓராண்டும் வீட்டில் அடுப்பெரிய வழி தேடியவர்கள் பெண்கள். அவர்கள் பெயர்களை யாரும் எழுதிவைக்கவில்லை.

பெண்கள் தலைமைக்கு வருவது அன்றைய திருவிதாங்கூரில் நடக்காத காரியம் என்று சொல்ல முடியாது. டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ் 1924-இல் சட்டசபை உறுப்பினரானார். 1938-இல் மருத்துவத் துறைக்கே தலைமை ஏற்றார். அன்னா சாண்டி 1937-இல் முன்சீப். 1959-இல் இந்தியாவிலேயே உயர்நீதிமன்ற நீதிபதியான முதல் பெண். அந்தக் காலத்தில் வேறெந்த சமஸ்தானமும் பெண்களை இந்த உயரத்துக்கு ஏற்றியதில்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். சொல்லட்டும். ஆனால் அதே 1937-இல் வெங்கானூருக்கு வந்த காந்தியிடம் அய்யன்காளி கேட்டது ஒன்றுதான்: தான் சாவதற்குள் தன் சமூகத்தில் பத்து பி.ஏ.க்களைப் பார்க்க வேண்டும். ஒரு வீட்டுப் பெண் நீதிபதி ஆசனத்தில் ஏறிய ஆண்டில், இன்னொரு சேரிக்குப் பத்துப் பட்டதாரிகளே பெரும் கனவு. ‘பெண்கள் முன்னேறிவிட்டார்கள்’ என்று பொதுவாகச் சொல்லும்போது இந்தத் தூரம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

கொச்சிப் பக்கத்தில் தாட்சாயணி வேலாயுதன் அதற்குச் சற்று முன்பே, 1935-இல், பட்டம் வாங்கியிருந்தார். இந்தியாவின் முதல் தலித் பெண் பட்டதாரி. வேதியியல் படித்தார், ஆய்வகத்தில் சோதனைகளைச் செய்துகாட்ட மேல்சாதி ஆசிரியர் மறுத்ததால் தூர நின்று பார்த்தே கற்றுக்கொண்டார். 1946-இல் அரசியல் நிர்ணய சபைக்குப் போன ஒரே தலித் பெண் அவர். வகுப்புக்குள் நுழைந்த பிறகும் அருகில் நிறுத்திக் கற்றுக்கொடுக்க ஆளில்லாமல் போவதுதான் மிக நுட்பமான தடை என்று எனக்குத் தோன்றுகிறது. கதவை மூடினால் வழக்குப் போடலாம். கற்றுத்தராமல் இருப்பதற்கு எந்தச் சட்டத்தில் வழக்குப் போடுவது?

அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ள குழந்தைகளோடு வேலை செய்யும் ‘நடத்தைப் பகுப்பாய்வு’ துறையில் கறுப்பினப் பெண்கள் சொல்வதும் இதையேதான். அந்தத் துறையில் பெரும்பாலோர் பெண்கள். குழந்தையோடு மணிக்கணக்கில் உட்கார்ந்து பயிற்சி தரும் கீழ்ப்படியில் கறுப்பினத்தவர் கணிசமாக இருக்கிறார்கள். சான்றிதழ் பெற்ற மேற்பார்வையாளர் படியில் அந்த அளவுக்கு இல்லை. அந்தச் சான்றிதழுக்கு ஏற்கெனவே மேலே இருப்பவரின் கண்காணிப்பில் 2,000 மணி நேரம் வரை வேலை செய்திருக்க வேண்டும். யார் யாரைத் தன் கீழ் எடுத்துக்கொள்கிறார் என்பதிலேயே பாதி முடிவாகிவிடுகிறது.

இன்றைக்கு வருவோம். நெய்யாற்றின்கரையிலும் பாறசாலையிலும் பி.எட். முடித்த தலித் பெண்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. 2009-இல் திருத்திய சட்டப்படி கேரள உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு; பட்டியல் சாதிப் பெண்களுக்கும் தலைவர் பதவி சுழற்சியில் வருகிறது. பஞ்சாயத்துப் பிரசிடென்ட் நாற்காலியில் தலித் பெண் அமர்வது இப்போது யாரையும் திகைக்கவைப்பதில்லை. அடூரிலிருந்து 1971-இல் பார்கவி தங்கப்பன், ஆலத்தூரிலிருந்து 2019-இல் ரம்யா ஹரிதாஸ் என்று நாடாளுமன்றத்துக்கும் போனார்கள். 2021-இல் ஆற்றிங்கல் ஓ.எஸ். அம்பிகாவையும் வைக்கம் சி.கே. ஆஷாவையும் சட்டசபைக்கு அனுப்பின. பெரிய மாற்றம்தான், மறுக்கவே முடியாது. ஆனால் இந்த நான்கும் தனித்தொகுதிகள். சட்டம் ஒதுக்கிவைத்த நாற்காலிகளில் அவர்கள் அமர்ந்தார்கள்; ஒதுக்காத நாற்காலியைக் கட்சிகள் அவர்களுக்கு எளிதில் நீட்டுவதில்லை.

அமர்ந்த பிறகும் நிம்மதி இருக்கிறதா? 2011-இல் திருவனந்தபுரத்தில் பதிவுத்துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்ற தலித் அதிகாரியின் அறையில் சாணித் தண்ணீர் தெளித்ததாகப் புகார் மனித உரிமை ஆணையம் வரை போனது. நம் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறது? 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையின் ஊராட்சித் தலைவர் ராஜேஸ்வரி தரையில் உட்கார, மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படத்தை நாடே பார்த்தது.

பள்ளிக்கூடத்துக்கே திரும்புகிறேன், ஏனென்றால் கேரளத்தில் இந்தக் கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. அரசுப் பள்ளியில் பி.எஸ்.சி. எனும் அரசுப் பணியாளர் தேர்வாணையம் மூலம் இடஒதுக்கீட்டோடு நியமனம் நடக்கிறது. அதனால் அங்கே தலித் டீச்சர்களும் எச்.எம்.களும் வருகிறார்கள். ஆனால் கேரளத்தில் அரசுப் பள்ளிகளைவிட, அரசு உதவி பெறும் எய்டட் பள்ளிகளே அதிகம், 7,000-க்கும் மேல். நியமிப்பது மேனேஜ்மென்ட், சம்பளமும் பென்ஷனும் அரசு கஜானாவிலிருந்து. பட்டியல் சாதியினருக்கு அங்கே நியமன ஒதுக்கீடு கிடையாது. சொந்த சமூகம், சொந்த சபை, சிலநேரம் கைமாறும் பெருந்தொகை என்று நியமனம் நடப்பது ஊரறிந்த பேச்சு. டீச்சராகவே நுழைய முடியாதவர், பதவி உயர்வில் எச்.எம். ஆவது எப்படி?

இதைச் சரிசெய்ய ஒரு வாய்ப்பு வந்தது. 1957-இல் கல்வி அமைச்சர் ஜோசப் முண்டசேரி கொண்டுவந்த கல்வி மசோதாவின் 11-ஆம் பிரிவு, எய்டட் பள்ளி ஆசிரியர்களையும் பி.எஸ்.சி. பட்டியலிலிருந்தே எடுக்க வேண்டும் என்றது. 1959-இல் அதற்கெதிராகக் கிளம்பிய ‘விமோசன சமரம்’ என்ற போராட்டத்தை அடுத்து அந்தக் கம்யூனிஸ்ட் அமைச்சரவையே கலைக்கப்பட்டது. அடுத்து வந்த அரசு 1960-இல் அந்தப் பிரிவை மாற்றிவிட்டது. பின்னர் இடதுசாரிகளும் காங்கிரஸும் மாறி மாறி ஆண்டார்கள். எரிந்த பெஞ்சுக்கு மரியாதை செய்தவர்கள் இந்தப் பிரிவை மட்டும் தொடவில்லை. பஞ்சமி பெயரில் ஒரு பள்ளி இருப்பது நல்லதுதான். அவள் வழிவந்த பெண்கள், அரசே சம்பளம் தரும் ஒவ்வொரு பள்ளியிலும் எச்.எம். அறைக்குப் போகும் வழி, 1960-இல் மாற்றிவைத்த அந்தப் பிரிவுக்குப் பின்னால் அடைபட்டுக் கிடக்கிறது. அதைத் திறக்க இனியொரு வில்வண்டி வேண்டாம். சட்டசபையில் ஒரு வாக்கெடுப்புப் போதும்.