கடற்கரைக்கு வரும் புரோக்கோலி

புரோக்கோலி என்றால் நுவரெலியாவிலிருந்து லொறியில் இறங்கும் மலைநாட்டு மரக்கறி என்றுதான் குருநகர்ப் பிள்ளைகள் பலர் நினைப்பீர்கள். ஆனால் அதன் காட்டு உறவுகள் கடற்கரைவாசிகள். ஐரோப்பாவின் கடலோரச் சுண்ணக்கற் பாறைகளில், உப்புக்காற்று அடிக்க அடிக்க, அவை இன்றும் வளர்கின்றன. கோவா, நோக்கோல், கோலிபிளவர், புரோக்கோலி எல்லாமே ஒரே தாவர இனம்தான். இலைக்காகத் தெரிந்து தெரிந்து விதைத்ததில் கோவா வந்தது, தண்டுக்காக நோக்கோல், பூமொட்டுக்காக இத்தாலியில் புரோக்கோலி. நாங்கள் சாப்பிடும் பச்சைப் பூ, இன்னும் விரியாத மொட்டுகளின் கூட்டம்.

நம் குடாநாடும் சுண்ணக்கல்லின் மேல்தான் இருக்கிறது. கடற்காற்றை இந்தச் செடிகள் எப்படித் தாங்குகின்றன? ஒரு கோவா இலையில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், முத்து முத்தாக உருண்டு ஓடும். இலையின் மேலுள்ள மெழுகுப் படைதான் காரணம். காற்று இலையின் ஈரத்தை உறிஞ்சிவிடாமல் அது காக்கிறது. புரோக்கோலி இலையிலும் அதே மெழுகு உண்டு. மண்ணிலுள்ள உப்பையும் அது ஓரளவு தாங்கும். மண்ணின் உப்பை அளக்கும் அலகில் போஞ்சி 1.0ஐத் தாண்டினாலே விளைச்சல் குறையும், வெங்காயத்துக்கு 1.2. புரோக்கோலியோ 2.8 வரை தாங்கும்.

ஆனால் இது வளர்ந்த செடியின் கணக்கு. உப்பு மிகுந்தால் விதை முளைக்கவே முடியாது. இதை நீங்களே பார்க்கலாம். புரோக்கோலி விதையை வீணாக்க வேண்டாம்; சமையலறைக் கடுகு அதே குடும்பம்தான், பார்வைக்கும் அப்படியே இருக்கும். மூன்று தட்டுகளில் துணி விரித்து, ஒன்றை மழைநீராலும், ஒன்றைக் கிணற்று நீராலும், ஒன்றைக் கடல்நீராலும் நனைத்துக் கடுகைத் தூவுங்கள். மழைநீரில் இரண்டு மூன்று நாளில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். கடல்நீரில் விதை அப்படியே கிடக்கும். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. அந்த உப்பு நீரைத் தன் பக்கம் பிடித்து வைத்துக்கொள்வதால், சுற்றிலும் தண்ணீர் இருந்தும் விதையால் குடிக்க முடிவதில்லை. பிரசாரணம் என்று பாடத்தில் படிப்பது இதைத்தான். கிணற்று நீர்த் தட்டு என்ன சொல்கிறது என்பது உங்கள் வளவைப் பொறுத்தது. அதைக் கட்டாயம் குறித்து வையுங்கள்.

புரோக்கோலிக்கு இங்கே உண்மையான எதிரி வெப்பம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஏறக்குறைய 6.5 பாகை குறையும். 30 பாகைக்கு மேல் நாட்கணக்கில் நீடித்தால் மொட்டுகள் ஒழுங்காகத் திரளாது, பூவுக்குள்ளிருந்து இலை கிளம்பும். ஆகவே சோளகம் அடிக்கும் மாதங்களில் விதைக்கவே வேண்டாம். ஒக்டோபர் கடைசியில் போட்டால், பூத்திரளும் காலம் வாடையும் பனியும் உள்ள ஜனவரியில் வரும். விதை வாங்கும்போது வெப்பம் தாங்கும் வகையா என்று கேளுங்கள். அப்படியும் மலைநாட்டுப் பூவின் பருமன் வராது.

நாற்று வளர்க்க, மீன் வைக்கும் பழைய றெஜிபோம் பெட்டி ஒன்று போதும். உப்புப் போக நன்றாகக் கழுவி, அடியில் துளைகள் போட்டு, மண்ணும் மக்கிய மாட்டெருவும் கலந்து நிரப்புங்கள். அரை அங்குல ஆழத்துக்குக் குறைவாக விதையை மூடினால் சரி. நான்கைந்து நாளில், இதய வடிவில் இரண்டு வித்திலைகள் விரியும். அடைமழை நேரம் பெட்டி தாழ்வாரத்தில் இருக்கட்டும். ஈரம் தேங்கினால் பங்கசு பிடித்து நாற்று அடியில் அழுகிச் சாய்ந்துவிடும். அதற்காக இருட்டு மூலையில் ஒளித்து வைக்காதீர்கள். வெளிச்சம் போதாத நாற்று, சேமித்த உணவையெல்லாம் செலவழித்து வெளிச்சத்தைத் தேடி மெலிந்து நீளும்.

நாலைந்து உண்மையிலைகள் வந்ததும் ஒன்றரை அடி இடைவெளியில் ஒரு மாலைப்பொழுதில் நடுங்கள். இலைகளின் அடிப்பக்கத்தைத் தினமும் புரட்டிப் பார்த்து, பச்சைப் புழுக்களைக் கையால் எடுத்துவிடுங்கள்.

மொட்டுகள் மஞ்சளாக விரியுமுன் நடுப்பூவை வெட்ட வேண்டும். வெட்டியதும் செடியைப் பிடுங்கிவிடாதீர்கள். உச்சியில் உருவாகும் ஒட்சின் என்னும் ஓமோன்தான் இதுவரை பக்க அரும்புகளை அடக்கி வைத்திருந்தது. உச்சி போனதும் இலைக்கக்கங்களிலிருந்து சின்னச் சின்னப் பூக்கள் கிளம்பும். அவற்றையும் சில வாரங்கள் பறிக்கலாம்.