காலராவின் விஷத்தைக் கண்ட கல்கத்தா டாக்டர்

காலையில் நடமாடியவர் மாலையில் வாந்திபேதியால் மாண்டுபோவதைப் பார்த்த தலைமுறை நம்மவர்களிலும் உண்டு. ஊரில் மாரியம்மனை வேண்டினார்கள். வங்காளத்தில் ஓலா பீபியை வேண்டினார்கள்.

1884இல் ஜெர்மன் அறிஞர் ராபர்ட் கோச் கல்கத்தாவில் ஆராய்ந்து காலராக் கிருமியை இனங்கண்டார். அது ஆளை எப்படிக் கொல்கிறது என்பது மட்டும் இன்னும் 75 ஆண்டுகள் பிடிபடவில்லை. செத்த கிருமியின் நச்சு ரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் பரவுகிறது என்றே பலரும் நம்பினர்.

முடிச்சை அவிழ்த்தவர் ஹூக்ளி மாவட்டத்துக் கிராமமொன்றில் 1915இல் பிறந்த டாக்டர் சம்புநாத் டே. லண்டனில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று 1949இல் திரும்பியவர், சியால்டா அருகே நீல்ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரியில் பணியில் அமர்ந்தார். பெரிய கருவிகள் ஏதுமில்லை. முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரு முனையிலும் நூலால் கட்டி, அதற்குள் காலராக் கிருமியைச் செலுத்தினார். மறுநாள் அந்தத் துண்டு நீர் கோத்து உப்பியிருந்தது! பிறகு கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, கிருமியே இல்லாத வடிநீரைச் செலுத்திப் பார்த்தார். அப்போதும் அதே வீக்கம்.

ஆக, கிருமி கக்கும் நஞ்சுதான் குடற்சுவரிலிருந்து நீரைக் கொட்ட வைக்கிறது. ரத்தத்துக்குள் நுழைய வேண்டிய அவசியமே அதற்கு இல்லை. உடம்பின் நீரும் உப்பும் வற்றியே நோயாளி சாகிறார். 1959இல் 'நேச்சர்' ஏட்டில் இது வெளியானபோது கட்டுரை இரண்டே பக்கம்.

போன நீரைத் திரும்பக் கொடுத்தால் ஆள் பிழைப்பார். ஆனால் வெறும் நீர் குடலில் நிற்காது. சர்க்கரை சேர்ந்தால் உப்பையும் நீரையும் குடல் உறிஞ்சிக்கொள்ளும். காலராவிலும் அந்த வழி அடைபடுவதில்லை என்று 1960களில் உறுதியாயிற்று. 1971இல் கிழக்கு வங்காள அகதிகள் குவிந்த பன்காவ் முகாமில் சலைன் தட்டுப்பட்டபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் குளுக்கோஸ், உப்பு, சமையல் சோடா கரைத்த நீரையே கொடுக்கச் செய்தார். குடிக்கக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் நோயாளியின் உறவினர்களே. 100க்கு 30 பேர் வரை செத்த இடத்தில் சாவு 4 பேருக்கும் கீழே இறங்கியது. இன்று மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் அதன் வழிவந்ததே.

டாக்டர் டேயை இந்தியாவின் அறிவியல் கழகம் எதுவும் உயிரோடிருந்தவரை உறுப்பினராகச் சேர்க்கவில்லை என்பது வெட்கக்கேடு. 1973இல் ஓய்வு பெற்றார். 1978இல் ஸ்டாக்ஹோமில் காலரா பற்றி நோபல் நிறுவனம் கூட்டிய மாநாடுதான் அவரைத் தேடி அழைத்தது. 1985 ஏப்ரலில் காலமானார்.