ஒரு யார் துணியும் ஒரு சிறுகதையும்

1990 முதல் 2017 வரை நான் ஒரு சிறுகதையும் எழுதவில்லை. பேனையைத் தொடவில்லை என்று சொல்ல மாட்டேன். புத்தளத்தில் முகாம் சனத்துக்கு மனு எழுதினேன், பெயர்ப் பட்டியல் எழுதினேன், நினைவு மலர்களுக்குக் கட்டுரை எழுதினேன். அதற்கு முந்தி யாழ்ப்பாணத்தில் இருந்தபோது ஏழெட்டுக் கதை எழுதிய ஆள்தான். 1990 ஒக்டோபர் 30இல் இரண்டு மணி நேரத்துக்குள் சோனகத் தெருவை விட்டு வெளிக்கிட்ட கதையை எத்தனையோ தரம் தொடங்கினேன். ஒவ்வொரு தரமும் மூன்றாம் பக்கத்தில் அது அறிக்கையாகிப் போகும்.

காரணம் இப்போதுதான் விளங்குகிறது. சாட்சியம் எழுதுகிறவன் ஒன்றையும் மாற்றக் கூடாது. எத்தனை மணி, எத்தனை பேர், கையில் என்ன இருந்தது எல்லாம் சரியாக இருக்க வேண்டும். அப்படியே பழகிய கைக்குக் கற்பனை என்பது பொய்ச்சாட்சி மாதிரிப் பட்டது. சனம் கிடுகுக் கொட்டிலில் கிடக்கும்போது நமக்கென்ன கதை என்ற கூச்சமும் இருந்தது. இது எங்கள் சமூகத்தில் பலருக்கு உள்ள கூச்சம். ஆனால் அறிஞர் சித்தி லெப்பை என்ன செய்தார் என்று பாருங்கள். வழக்கறிஞர், 1882இல் 'முஸ்லிம் நேசன்' தொடங்கியவர், பாடசாலைகளுக்காக ஓடித் திரிந்தவர். அவ்வளவு வேலைக்குள்ளும் 1885இல் 'அசன்பேயுடைய கதை'யை வெளியிட்டார். அதுவும் எப்படி? கண்டியில் இருந்துகொண்டு எகிப்திலும் பம்பாயிலும் நடக்கிற சாகசக் கதை! அந்த மனிதருக்கு இல்லாத கூச்சம் நமக்கு எங்கிருந்து வந்ததோ.

என்னுடைய கூச்சம் உடுவிலில்தான் கழன்றது. மகன் சுன்னாகத்தில் இரும்புச் சாமான் கடை போட்டான். பக்கத்தில் உடுவிலில் வாடகைக்கு வீடு கிடைத்தது. செம்மண், வெங்காயத் தோட்டம், விடியப்புறம் மருதனார்மடச் சந்தைக்குப் போகிற சைக்கிள்கள். இந்தச் சுற்றுவட்டம் சிறுகதைக்குப் புதிசில்லை. நா. பொன்னையா 1930இல் தொடங்கிய 'ஈழகேசரி' சுன்னாகத்தில்தான் அச்சானது. ஈழத்துச் சிறுகதை முன்னோடிகளில் ஒருவரான இலங்கையர்கோனின் ஊர் ஏழாலை, அதுவும் கிட்டத்தான். இதெல்லாம் அறிந்துதான் வந்தேன். ஆனால் கதை வந்தது வேலிக்கு அந்தப் பக்கத்தில் இருந்து.

பக்கத்து வீட்டில் எண்பதை நெருங்கிய ஓர் அக்கா. என் வாப்பா ஐந்துசந்திப் பக்கம் தையல்கடை வைத்திருந்தவர் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அவ கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டா:

"தம்பி, தொண்ணூறாம் ஆண்டு புரட்டாதியிலை உங்கட வாப்பாட்டை ஒரு யார் துணி குடுத்தனான், சட்டை தைக்க. அது என்னாச்சு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவவும் சிரித்தா. ஆனால் பகிடிக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே அறிய விரும்பினா. வாப்பா மௌத்தாகிப் பதினைந்து வருஷம். துணி வெட்டப்பட்டதா, தைத்து முடிந்ததா, கூலி எவ்வளவு, யாருக்குத் தெரியும்?

அன்றிரவு இஷா தொழுதுவிட்டு உட்கார்ந்தேன். பதினொரு பக்கம் வந்தது. மறுநாள் வாசித்தபோது முதல் நான்கு பக்கமும் வெளியேற்றத்தின் வரலாறு. வெட்டி எறிந்தேன். ஒரு கிழவி வேலிக்கு மேலால் தன் துணியைக் கேட்கிறா, அதிலிருந்து கதை தொடங்கியது. வெளியேற்றம் என்ற சொல்லே அதில் இல்லை. தேவைப்படவும் இல்லை. முப்பது வருஷம் கழித்து ஒரு யார் துணியைக் கேட்கும்படி ஏன் ஆனது என்று வாசகன் தானே யோசிப்பான். சிறுகதை பெரிய சம்பவத்தை நேரே தூக்கப் போனால் முதுகு முறிந்துவிடும். ஓரத்தில் கிடக்கிற சின்னப் பொருளைத் தூக்கினால் பெரியது தானாய் இழுபட்டு வரும். இதை நான் எங்கேயாவது வாசித்துத்தான் இருப்பேன். கை அறிந்தது அந்த இரவுதான்.

புத்தளத்துக் கூட்டாளி ஒருவருக்குக் கதையை அனுப்பினேன். "துணி என்ன நிறம்?" என்று மட்டும் கேட்டார். நான் எழுதவே இல்லை! அக்காவிடம் போய்க் கேட்டேன். மாம்பழ மஞ்சள் என்றா. வீட்டுக்கு வந்து எழுதப் பார்த்தால் மஞ்சள் பொருந்தவில்லை. கதையில் வாப்பா மங்கிய விளக்கில் தைக்கிறார். அந்த வெளிச்சத்துக்கு ஊதா வேண்டியிருந்தது. ஊதா என்று எழுதினேன்.

அந்த ஒரு சொல்லில் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? மனுவில் ஒரு திகதியை மாற்றினால் குற்றம். இங்கே நிறத்தை மாற்றலாம், செத்தவரை விளக்கடியில் உட்கார வைக்கலாம், அவர் தைத்து முடிக்காத சட்டையை முடித்து வைக்கலாம். மாற்றினதால் கதை பொய்யாகவும் இல்லை. என்னைப் போல் நடுவில் நின்றுபோனவர்கள் அ. முத்துலிங்கத்தை நினைத்துக்கொள்ளலாம். உடுவிலுக்குத் தெற்கே கொக்குவிலில் பிறந்தவர். முதல் தொகுதி 'அக்கா' 1964இல் வந்தது, அடுத்தது 'திகடசக்கரம்' 1995இல். இடையில் 31 வருஷம், கணக்காளராக வேலை, நாடு நாடாய் அலைச்சல். அந்த அலைச்சலில் கண்ட ஆபிரிக்காவும் பாகிஸ்தானும் ஆப்கானிஸ்தானும் பிறகு கதைகளாகத் திரும்பி வந்தன. எழுதாத வருஷங்கள் எல்லாம் வெறும் வருஷங்கள் இல்லை என்று அவரை வாசிக்கும்போது எனக்கு ஒரு தைரியம்.

கதையை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டா. "மஞ்சளை மாத்திப்போட்டீங்கள் தம்பி" என்றா. கோபமோ என்று பார்த்தேன். "ஊதாவும் நல்லாத்தான் இருக்கு. கூலி எவ்வளவெண்டு எழுதேல்லையே?"

இப்போது அந்தக் கூலியை வைத்துத்தான் இரண்டாவது கதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.