‘போயிருச்சு’ – எப்படி எழுதுவது?



கிள்ளான் நிலையத்தில் ஒரு மாணவன் ரயிலைத் தவறவிடுகிறான். பிரிக்பீல்ட்ஸில் காத்திருக்கும் நண்பனைக் கூப்பிட்டு, ‘ரயில் போயிருச்சுடா!’ என்கிறான். இதையே கட்டுரையில் எழுதச் சொன்னால், சிலர் ‘ரயில் போயிருந்தது’ என்று எழுதிவிடுகிறார்கள். காதில் ‘இரு’ என விழுவதால் வரும் குழப்பம் இது. உண்மையில் அங்கே ஒளிந்திருப்பது ‘விடு’ என்னும் துணைவினை. ‘போய்விட்டது’தான் பேச்சில் ‘போயிருச்சு’, ‘போயிடுச்சு’ என்று ஆகிறது.

துணைவினை மாறினால் பொருளும் மாறும். பாருங்கள்:

• ரயில் போனது – செயல் நடந்தது, அவ்வளவுதான்.
• ரயில் போய்விட்டது – செயல் முடிந்தது, இனிப் பிடிக்க முடியாது. சொல்பவரின் ஏமாற்றமும் இதில் தெரியும்.
• நான் வந்தபோது ரயில் போயிருந்தது – நான் வருவதற்கு முன்பே போனது.

‘கையை விடு’ என்னும்போது ‘விடு’ முதல்வினை. ‘போய்விட்டது’ என்பதில் அது துணைவினை. தன் சொந்தப் பொருளை இழந்து, முன்னுள்ள வினைக்கு மெருகூட்டுகிறது.

மலாயில் ‘தீடோர்’ என்றால் தூங்குதல். முன்னால் ‘தெர்’ சேர்த்துத் ‘தெர்தீடோர்’ என்றால் தன்னையறியாமல் தூங்கிவிடுதல். மலாயில் முன்னொட்டு செய்யும் வேலையைத் தமிழில் பின்னால் வரும் ‘விடு’ செய்கிறது. ஆகவே, மொழிபெயர்க்கும்போது வெறுமனே ‘தூங்கினேன்’ என்று எழுதினால் பாதிப் பொருள் போய்விடும்.

சந்தேகம் வந்தால் வாக்கியத்தை ‘நான்’ போட்டு மாற்றிப் பாருங்கள். ‘குழந்தை தூங்கிருச்சு’ என்பது ‘நான் தூங்கிட்டேன்’ என்று வரும். அந்த ‘ட்டேன்’, ‘விட்டேன்’ என்பதன் சுருக்கம். எனவே ‘தூங்கிவிட்டது’ என எழுத வேண்டும். ‘தூங்கியிருந்துச்சு’ என்பதோ ‘நான் தூங்கியிருந்தேன்’ என்று வரும். அது ‘இரு’, எனவே ‘தூங்கியிருந்தது’.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பேச்சு வழக்குதான் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று சொல்லிவிட வேண்டாம். பேசும்போது அவர்கள் ‘விடு’வையும் ‘இரு’வையும் தடுமாறாமல் பிரிக்கிறார்கள். அந்த அறிவை எழுத்துக்குக் கொண்டுவருவதே நம் வேலை.

பயிற்சி: எழுத்து வழக்கில் எழுதுக.

1. மழை வந்திருச்சு.
2. அப்பவே பஸ் வந்திருந்துச்சு.
3. அக்கா சாப்பிட்டுட்டாங்க.

விடை: 1. மழை வந்துவிட்டது. 2. அப்போதே பேருந்து வந்திருந்தது. 3. அக்கா சாப்பிட்டுவிட்டார்.